பெண்களின் உடற்கொழுப்பு: ஓர் இலக்கின் வரலாறு

அரசர்க்கும் போர்களுக்கும் வரலாறு உண்டென்பதை யாவரும் அறிவர். அளவுகளுக்கும் வரலாறு உண்டென்பதை நினைப்போர் சிலரே. ஒரு பெண் தராசின்மீது ஏறி நின்று, 'இன்னும் இருபது இறாத்தல் குறைதல் வேண்டும்' எனத் தனக்குள் ஓர் எண்ணை வரையறுத்துக்கொள்கின்றாள். அவ்வெண் எங்கிருந்து வந்தது? அதனை வகுத்தவர் யாவர்? எவரை அளந்து, எந்நோக்கத்தோடு வகுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுவோர், ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கால வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வரலாறு பெல்ஜிய நாட்டிலே தொடங்குகின்றது. 1796ஆம் ஆண்டிற் பிறந்த அடோல்ப் கெற்றலே என்பார் ஒரு வானியலறிஞர், வைத்தியரல்லர். விண்பொருள்களைப் பன்முறை அளந்து சராசரி காணும் முறையை மனிதரிடத்துங் கையாளலாம் என அவர் கருதினார். 1835ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை அவர் விளக்கினார். வளர்ந்தோருடைய எடை அவர்தம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகுகின்றது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. கிலோகிராமிற் கூறிய எடையை, மீற்றரிற் கூறிய உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இன்றைய கணக்கு அதிலிருந்து பிறந்ததே. ஆயினும், எவர் மெலிதல் வேண்டும், எவ்வளவு மெலிதல் வேண்டும் என்பன அவர் எழுப்பிய வினாக்கள் அல்ல. மக்கட் கூட்டத்தை அறிய விரும்பினாரேயன்றித் தனி ஒருவருக்கு அவர் இலக்கு வகுத்தாரல்லர்.

இலக்கு என்னும் எண்ணம் இல்லந்தோறும் புகுந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம். உணவிலுள்ள சக்தியைக் கலோரி என்னும் அலகால் அளக்கும் முறையை, ஐக்கிய அமெரிக்காவில் வில்பர் அற்வோட்டர் என்னும் இரசாயன அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வளர்த்தார். ஆய்வுகூடத்திலிருந்த அச்சொல்லைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் லூலூ ஹண்ட் பீற்றர்ஸ் என்னும் பெண் வைத்தியர். தாமும் பருத்த உடலோடு போராடியவராகிய அவர், 1918ஆம் ஆண்டிலே பெண்களுக்கென எழுதிய நூல், 1920களில் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையான நூல்களுள் ஒன்றாயிற்று. 5 அடி உயரத்துக்கு 110 இறாத்தல். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஐந்தரை இறாத்தல். இதுவே அவர் தந்த வாய்பாடு. 5 அடி 4 அங்குல உயரமுடைய பெண்ணுக்கு 132 இறாத்தல் என்று விடை வரும். மனக்கணக்கிற்கு இது மிக எளிது. ஆனால் இருபது வயது நங்கைக்கும், நான்கு மக்களைப் பெற்ற தாய்க்கும் இது ஒரே விடையையே தந்தது.

இதன்பின் இலக்கை வகுக்கும் பணி காப்புறுதிக் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. எவர் விரைவில் இறப்பர், எவர் நெடுநாள் வாழ்வர் என்பதைக் கணிப்பது அவற்றின் தொழில். நியூ யோர்க்கிலுள்ள மெற்றோபொலிற்றன் ஆயுட் காப்புறுதிக் கம்பனி 1942இல் பெண்களுக்கும், 1943இல் ஆண்களுக்கும் 'உத்தம எடை' அட்டவணைகளை வெளியிட்டது. அதற்கு முன்னர் வழங்கிய அட்டவணைகள், வயது ஏற ஏறச் சராசரி எடையும் ஏறுவதை உள்ளவாறே காட்டின. புதிய அட்டவணையோ 25 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஒரே எடையை விதித்தது. சிறிய, நடுத்தர, பெரிய உடற்கட்டு என மூன்று பிரிவுகள் அதிற் காணப்பட்டன. தம் உடற்கட்டு எப்பிரிவைச் சார்ந்தது என்பதை அறியும் வழி அதிற் கூறப்படவில்லை. 1959ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டு, 'விரும்பத்தக்க எடை' என்னும் பெயரோடு வெளிவந்தது. அதிலே பெண்களின் உயரம், இரண்டு அங்குலக் குதியுயர்ந்த பாதணியோடு சேர்த்துக் கணிக்கப்பட்டிருந்தது! வெறுங்காலோடு நின்று தம் உயரத்தை அளந்து அவ்வட்டவணையைப் பார்த்த பெண், தனக்குரிய வரியை விட்டு வேறு வரியைப் படித்தவள் ஆகின்றாள்.

இவ்வட்டவணைகள் முற்றும் பயனற்றவை என்று கூறல் பொருந்தாது. மிகை எடை ஆயுளைக் குறைக்கலாம் என்பதைப் பொதுமக்கள் உணர அவை உதவின. ஆனால் அவை காப்புறுதி பெற வசதியுடைய அமெரிக்க மக்களின் கணக்கு. 1983ஆம் ஆண்டில் அக்கம்பனியே அவ்வெடைகளுட் பலவற்றை உயர்த்தி எழுதிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக 'எனக்கு எடை மிகுதி' என்று வருந்திய பெண்களுட் சிலர், ஓர் இறாத்தலும் குறையாமலே ஒரே நாளில் தகுந்த எடையினர் ஆயினர்.

தராசு காட்டும் எடையும், உடலிலுள்ள கொழுப்பும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக்கியவர் அமெரிக்கக் கடற்படை வைத்தியராகிய அல்பேட் பெங்கே. ஆழ்கடலில் மூழ்குவோர்க்கு நேரும் நோயை ஆராய்ந்த அவர், நைதரசன் வாயு நீரிலும் பார்க்கக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும் என்பதனால், உடற்கொழுப்பை அளக்க வழி தேடினார். ஆர்க்கிமிடீசின் பழைய தத்துவமே அவருக்குத் துணையாயிற்று. கொழுப்பு நீரினும் இலேசானது. தசையும் எலும்பும் நீரினும் பாரமானவை. ஆகவே ஒருவரைத் தரையிலும், நீருள் அமிழ்த்தியும் நிறுத்தால், அவருடலிற் கொழுப்பின் பங்கைக் கணிக்கலாம். 1942ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 25 உதைபந்தாட்ட வீரர்கள் இவ்வாறு அளக்கப்பட்டனர். எடை அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர் மிகை எடையினர். படைக்கு ஏற்கத் தகாதவர். உண்மையிலோ அவர்களின் மிகை எடை பெரும்பாலும் தசையே.

பெங்கே பின்னர் எடுத்துக்காட்டான ஆண், பெண் உடல்களின் அமைப்பை வகுத்தார். ஆணின் எடையில் 15 வீதமும், பெண்ணின் எடையில் 27 வீதமும் கொழுப்பு என அவர் கொண்டார். இக்கொழுப்பு முழுவதும் சேமிப்பன்று. என்பு மச்சை, நரம்பு, உள்ளுறுப்புகள் ஆகியவற்றில் உயிர்த்தொழிலுக்கென அமைந்த பகுதி ஆணுக்குச் சுமார் 3 வீதம். பெண்ணுக்கோ, தாய்மைக்குரிய பகுதியும் சேர்ந்து, சுமார் 12 வீதம். ஆகவே ஆணுடலின் அளவைப் பெண்ணுக்கு இலக்காக வைப்பது இயற்கைக்கே மாறானது. இவ்வுண்மை தெரிந்த பின்னரும் ஆணையே அளவாகக் கொள்ளும் வழக்கம் நீங்கவில்லை. 1972ஆம் ஆண்டில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், கெற்றலேயின் கணக்குக்கு 'உடற்றிணிவுச் சுட்டி' எனப் பெயரிட்டபோது, அவரும் அவர் துணைவரும் ஆராய்ந்த 7,400க்கு மேற்பட்டோர் அனைவரும் ஆண்களே.

பெண்களை உரிய எண்ணிக்கையிற் சேர்த்து அளந்த ஆய்வு 1974இல் வந்தது. கிளாஸ்கோ நகரில் டேர்னின், வொமர்ஸ்லி என்னும் இருவர் 209 ஆண்களையும் 272 பெண்களையும் நீரில் அமிழ்த்தி நிறுத்து, அவர்தம் புயம், முதுகு, இடுப்பு ஆகிய இடங்களிலே தோல் மடிப்பின் தடிப்பையும் அளந்தனர். வயது ஏற ஏறக் கொழுப்பின் பங்கும் ஏறுவதை அவர்களின் வாய்பாடுகள் கணக்கிற் கொண்டன. எனினும் அம்முறையால் வரும் விடை 3 முதல் 5 வீதம் வரை பிழைபடலாம். மின்னோட்டத்தாற் கொழுப்பை மதிப்பிடும் இக்காலத் தராசுகளோ, பருகிய நீருக்கு ஏற்பவும் விடையை மாற்றுவன. ஆகவே '28 வீதத்திலிருந்து 27 வீதத்துக்கு வருதல் வேண்டும்' என்று இலக்கு வைத்தல், அளவுகோலின் பிழைக்குள்ளே இலக்கை வைத்தலாகும்.

அதே 1974ஆம் ஆண்டில், அமெரிக்க ஆய்வாளராகிய றோஸ் பிரிஷ், ஜனற் மக்காதர் ஆகிய இருவர், கொழுப்பு மிகக் குறைந்தாற் பெண்ணுக்கு மாதவிடாய் தடைப்படும் என்னும் கருத்தை வெளியிட்டனர். அவர்கள் குறித்த எல்லை பெண்கள் அனைவருக்கும் பொருந்துவதன்று எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும், உடலின் உழைப்புக்குப் போதிய உணவு கிடையாதபோது மாதவிடாய் நிற்பதும், எலும்பு வலிமை குன்றுவதும் உறுதியாகத் தெரிந்தன. இலக்கு என்பதற்கு மேலெல்லை மட்டுமன்றிக் கீழெல்லையும் உண்டென்பதை மருத்துவம் இவ்வாறு கற்றுக்கொண்டது.

எவ்வளவு குறைப்பது என்பதைப் போலவே, எத்துணை விரைவிற் குறைப்பது என்பதிலும் தவறான கணக்கொன்று நெடுங்காலம் வழங்கிற்று. ஓர் இறாத்தல் உடலெடைக்கு 3,500 கலோரி என்று 1958ஆம் ஆண்டில் நியூ யோர்க் வைத்தியர் மக்ஸ் விஷ்நொவ்ஸ்கி கணித்தார். அதன்படி நாளொன்றுக்கு 100 கலோரியைக் குறைத்து உண்பவர், ஆண்டுக்குச் சுமார் 10 இறாத்தலும், மூன்றாண்டில் 30 இறாத்தலும் மெலிதல் வேண்டும். ஆனால் எடை குறையக் குறைய உடல் செலவிடும் சக்தியும் குறைகின்றது. 2011ஆம் ஆண்டில் கெவின் ஹோல் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவரும் இதனையுஞ் சேர்த்துக் கணித்தனர். அதே 100 கலோரிக்கு முதலாண்டிற் சுமார் 5 இறாத்தல். மூன்றாண்டின் முடிவிற் சுமார் 10 இறாத்தல். அதன்பின் எடை ஏறத்தாழ நிலைத்துவிடும். பழைய கணக்கை நம்பிய பெண், 'முயற்சியிற் குறை வைத்தேன்' எனத் தன்னையே நொந்துகொண்டாள். குறை அவளிடம் இருந்ததன்று, கணக்கில் இருந்தது.

அந்நோவு எத்துணைப் பெரிதென்பதை 1997ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கறி பொஸ்ரர் என்பாரும் அவர் துணைவரும், மிகை எடையுடைய 60 பெண்களிடம் சிகிச்சைக்கு முன்னரே அவர்தம் இலக்கைக் கேட்டனர். சராசரியாக, இருந்த எடையில் 32 வீதத்தை இழக்க அவர்கள் விரும்பினர். 25 கிலோகிராம் குறைந்தால் ஒருவாறு ஏற்கலாம் என்றனர். 17 கிலோகிராம் மட்டுமே குறைந்தால் அது ஏமாற்றமே என்றனர். 48 வாரங்களின் பின் அவர்கள் இழந்தது சராசரியாக 16 கிலோகிராம். மருத்துவர் பாராட்டத்தக்க வெற்றி அது. ஆயினும் அவர்களுள் 47 வீதத்தினர், தாம் 'ஏமாற்றம்' எனக் குறித்த எடையைக்கூட எட்டவில்லை. வெற்றி பெற்றவர் தோற்றவராகத் தம்மைக் கருதியமைக்குக் காரணம், தொடக்கத்தில் வகுத்த இலக்கேயன்றி வேறில்லை.

உடல்நலத்துக்கு வேண்டிய குறைவு எவ்வளவு என்னும் நேரான வினாவுக்கு, 2002ஆம் ஆண்டில் நேரான விடை கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவில் நீரிழிவை நெருங்கி நின்ற 3,234 பேரை ஆராய்ந்த அறிஞர், அவர்களுள் ஒரு பகுதியினருக்கு இரண்டே இலக்குகளை வகுத்தனர்: எடையில் 7 வீதம் குறைத்தல், வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற உடலுழைப்பைச் செய்தல். ஆய்வுக்குட்பட்டோரில் மூன்றிலிரு பங்கினர் பெண்கள். சுமார் மூன்றாண்டில், இவ்வாறு வாழ்ந்தோரிடையே நீரிழிவு ஏற்படுதல் 58 வீதம் குறைந்தது.

ஏழு வீதம் என்பது எத்தகையது? எழுபது கிலோகிராம் எடையும் 35 வீதம் கொழுப்பும் உடைய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளிடம் உள்ள கொழுப்பு இருபத்துநான்கரைக் கிலோகிராம். ஐந்து கிலோகிராம் கொழுப்பு நீங்கினால் எடை 65 ஆகும்; கொழுப்பின் பங்கு 30 வீதத்துக்கு இறங்கும். குறையும் எடையிற் தசையும் ஓரளவு கலந்திருக்குமாதலின், நடைமுறையில் 31 அல்லது 32 வீதம் என்று கொள்ளுதலே நேர்மை. தசையைக் காப்பதற்குப் பருப்பு, மீன், முட்டை முதலிய புரத உணவும், பாரந்தூக்குதல் போன்ற பயிற்சியும் துணைபுரியும். இவ்விலக்கை ஆறு மாதத்தில் எட்டுதல் பலருக்கும் இயல்வதே.

இவ்வரலாற்றின் ஒரு பகுதி இலங்கைப் பெண்களையும் நேரே சார்ந்தது. ஒரே உடற்றிணிவுச் சுட்டியையுடைய ஐரோப்பியரிலும் பார்க்க ஆசிய மக்களிடம் கொழுப்பு மிகுந்திருத்தலைக் கண்ட உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர் 25 வரை காத்திராது 23லேயே விழிப்படைதல் வேண்டும் என 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. தெற்காசியப் பெண்ணின் இடைச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருத்தல் நன்று என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005இல் வகுத்த எல்லை. மாதவிடாய் ஓய்ந்தபின் கொழுப்பு வயிற்றிலே சேர முனைவதால், நடுவயதுப் பெண்ணுக்குத் தராசிலும் பார்க்க அளவு நாடாவே நல்ல வழிகாட்டி.

அண்மைக்காலத்திற் புதிய மருந்துகளும் வந்துள்ளன. 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், செமகுளூரைட் என்னும் மருந்தைப் பெற்றோர் 68 வாரத்திற் சராசரியாகச் சுமார் 15 வீத எடையை இழந்தனர். மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றிலிரு பங்கு மீண்டது. குறைப்பதனைப் போலவே குறைத்ததைக் காத்தலும் இலக்கின் பகுதி என்பதை இதுவும் உணர்த்துகின்றது.

ஆகவே, மெலிய விரும்பும் பெண் முதலில் அறியவேண்டுவன சில. கருவுற்றிருக்குங் காலமும், பாலூட்டுங் காலமும் மெலிவதற்குரியன அல்ல. மாதவிடாய் பிறழுமாயின் வைத்தியரை நாடுதல் வேண்டும். மற்றையோர் இருக்கும் எடையில் 5 முதல் 10 வீதம் வரை ஆறு மாதத்திற் குறைப்பதை முதல் இலக்காக வைத்து, அதனை எட்டியபின் சில மாதம் அந்நிலையிலே நின்று, அடுத்ததை எண்ணலாம். பதினேழு வயதில் எடுத்த புகைப்படமும், அயலாளின் இடையும், பிற நாட்டுக் காப்புறுதிக் கணக்கும் அவளுக்கு இலக்காகா. அவளுடைய வயது, உழைப்பு, குருதியிலுள்ள சீனி, இடைச் சுற்றளவு ஆகியவற்றை அறிந்து வகுக்கும் சிறிய இலக்கே அவளுக்கு உரியது.