பினாங்குக் குடியேற்றமும் குடும்பக் கணக்கும்

மலாய் மொழியிலே ‘சுங்கை’ என்பது ஆறு. ‘பினாங்’ என்பது பாக்கு. ஆகவே சுங்கை பினாங் என்னும் பெயரைத் தமிழாக்கின் ‘பாக்காறு’ என்றாகும். பினாங்குத் தீவின் மலைகளிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் பல கூடி இவ்வாறாகி, ஜார்ஜ் டவுன் நகரின் தென்பகுதியை ஊடறுத்துச் சென்று கடலிற் கலக்கின்றன. அச்சிற்றாறுகளுள் ஒன்று, தமிழர்கள் ‘தண்ணீர்மலை’ என்று வழங்கும் அருவிப் பகுதியிலிருந்து வருவது. வெற்றிலை பாக்கு மாற்றி எந்தச் செயலையும் உறுதிசெய்யும் வழக்கமுடைய தமிழர், பாக்கின் பெயரையே தாங்கிய தீவுக்குக் குடிபெயர்ந்தது பொருத்தமான ஒரு தற்செயலே.

பினாங்கிற்குச் சென்றோர் யாவர், எந்நாளிற் சென்றனர் என்பன பற்றி நூல்கள் பல கூறுகின்றன. ஆயின், சென்றதற்கான செலவு எவ்வளவு, அதனை முதலில் ஏற்றவர் யார், இறுதியிற் கொடுத்துத் தீர்த்தவர் யார், மனைவி மக்களின் கப்பற் கூலி எப்பொழுது அக்கணக்கிற் சேர்ந்தது என்னும் வினாக்கள் அத்துணை ஆராயப்படவில்லை. தனியொருவன் பொருள் தேடிச் சென்று மீளுதல் வேறு. ஒரு குடும்பம் பெயர்ந்து சென்று வேரூன்றுதல் வேறு. முன்னதற்கு ஒரு கணக்கு. பின்னதற்கு வேறொரு கணக்கு. முதற்கணக்கு இரண்டாவதாக மாறிய வரலாறே பினாங்குத் தமிழர் வரலாற்றின் நடுநாடி எனலாம்.

பழைய மரபு

கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்தல் இல்லை என்பது தொல்காப்பியம் அகத்திணையியலிற் கூறப்படும் வரையறை. அங்கு வரும் ‘முந்நீர்’ என்னும் சொல்லை இளம்பூரணர் கடலெனவே கொண்டார். நச்சினார்க்கினியர் வேறு பொருள் உரைத்தார். உரை எதுவாயினும், பொருள்வயிற் பிரிவு தலைவனுக்கு உரியதாகவும், இல்லிருத்தல் தலைவிக்கு உரியதாகவும் கொள்ளப்பட்டமை தெளிவு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுள் காழகத்து ஆக்கத்தையும் பட்டினப்பாலை எண்ணுகின்றது. காழகம் கடாரம் என்பது உரையாசிரியர் கருத்து. கடாரமாகிய கெடாவின் கரைக்கு அணித்தே கிடப்பது பினாங்குத் தீவு. எனவே அவ்வழி தமிழர்க்குப் புதிதன்று. அவ்வழியே குடும்பத்தோடு செல்லுதலே புதிது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பிற் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1794இல் அவர் எழுதிய அறிக்கையிற் சோழமண்டலக் கரையினின்றும் வந்த ‘சூலியர்’ பற்றிய செய்தி உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் நிலைகொண்டிருந்தனர். அவருட் சிலர் குடும்பத்தோடு வாழ்ந்தனர். இவர்களையன்றி ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பல்களில் வந்து, வணிகத்தாலும் கூலி வேலையாலும் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர். அவர் இடத்திற்கு வேறு சிலர் வந்தனர். கடலலை போல வந்து மீள்வதே அக்கால வழக்கு. கணக்கும் அதற்கேற்ப எளிது: வரும் கூலி, உண்ணும் செலவு, திரும்பும் கூலி, கையில் மிஞ்சுவது.

நிலைத்துத் தங்க விரும்பியோருட் பலர் அங்கேயே மணம் செய்துகொண்டனர். தமிழ் முஸ்லிம் வணிகர் மலாய் மகளிரை மணந்ததனால் ‘ஜாவி பெரானாக்கான்’ என்னும் ஒரு சமூகமே தோன்றிற்று. தாய்நாட்டிலிருந்து குடும்பத்தை அழைத்து வருவதனினும் வந்த இடத்திலே குடும்பம் அமைப்பது அன்று எளிதாயிருந்தது.

கிட்டங்கிக் கணக்கு

நகரத்தார் முறை இதனின் வேறு. பினாங்குத் தெருவிற் கிட்டங்கி அமைத்து வட்டித் தொழில் நடத்திய அவர்கள், முதலாளியின் பொருட்டு மேலாட்களை அனுப்பினர். மூன்றாண்டு ஒரு கணக்கு. அம்மூன்றாண்டுச் சம்பளம் புறப்படும் முன்னரே எழுத்தில் உறுதியாகும். ஒரு பகுதி முன்பணமாக வீட்டிற் கொடுக்கப்படும். எஞ்சியது பின்னர்க் கிடைக்கும். ஆதாயத்திலும் ஒரு பங்குண்டு. மேலாளின் உணவும் உறைவிடமும் கடையின் பொறுப்பு. மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருப்பர்.

இம்முறையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கப்பலேறும் முன்னரே இல்லத்தின் செலவுக்கு வழி செய்யப்படுகின்றது. அயல்நாட்டிற் குடும்பச் செலவு என்பதே இல்லை. ஆதலின் ஈட்டியது பெரும்பாலும் எஞ்சியது. ஆயினும் இதற்கும் ஒரு விலையுண்டு. ஆண்டுக்கணக்கான பிரிவே அவ்விலை. அது பேரேட்டில் ஏறாதது. இவ்வாறு வந்து மீண்டோர், தண்ணீர்மலையிலே 1857இல் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பி நிலைபெறச் செய்தனர். தாம் தங்காத ஊரிலே தம் தெய்வத்தைத் தங்கவைத்தனர் என்னலாம்.

முன்பணமும் தலைக்காசும்

கூலித் தொழிலாளர் நிலையோ முற்றும் மாறானது. தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையிற் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். 1880களில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாண்டில் விதிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 12 காசு. அதிலிருந்தே வந்த செலவுக்கும் கழிக்கப்பட்டது. இத்தகைய கூலியில் ஒருவன் தன்னைக் காத்துக்கொள்வதே அரிது. குடும்பத்தை அழைத்தல் கனவிலும் இயலாது. இவ்வொப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது.

அதனோடு உடன் வளர்ந்தது கங்காணி முறை. தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்கு வந்த கங்காணி, உற்றாரையும் அயலாரையும் திரட்டினான். புறப்படுவோனுக்கு ஊரில் உள்ள கடனை அடைத்தல், துணி வாங்குதல், ரயில் கூலி, கப்பற் கூலி, வழியுணவு ஆகிய யாவற்றிற்கும் முன்பணம் அவன் கைவழியாகவே வந்தது. ஊர்க்கடன் தீர்ந்தது போலத் தோன்றினும், உண்மையில் அது கடல் கடந்து தோட்டக் கடனாக மாறிற்று. கரையேறிய நாளிலேயே தொழிலாளி கடனாளி.

கங்காணிக்குரிய வருவாயுட் சிறப்பானது ‘தலைக்காசு’. அவன்கீழ் வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இரண்டு காசு என்னும் அளவில் அது வழங்கப்பட்டது. முப்பது பேர் வேலைக்கு வரின் கங்காணிக்கு அறுபது காசு. ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் வளர்ந்த மகனும் வேலைக்கு வந்தால் மூன்று தலை. ஆகவே குடும்பமாகத் திரட்டுவதிற் கங்காணிக்கும் ஆதாயம் இருந்தது. குடும்பங்கள் கப்பலேறியதற்குப் பாசம் மட்டுமன்று, இவ்வாதாயமும் ஒரு காரணமாயிற்று.

1907ஆம் ஆண்டு நிதி

செலவிட்டு ஆளைக் கொணர்ந்தவன் ஒருவன். செலவின்றி அவ்வாளைத் தன் தோட்டத்திற்கு ஈர்த்துக்கொண்டவன் மற்றொருவன். தோட்ட முதலாளிகளிடையே இப்பூசல் முற்றியபோது அதற்கு மருந்தாக 1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்து வேலைவாங்கிய முதலாளிகள் அனைவரும், வேலைநாட்களின் கணக்குக்கேற்ப இந்நிதிக்குப் பணம் செலுத்துதல் வேண்டும். ஊரிலிருந்து துறைமுகம் வரை ரயில் கூலி, முகாமில் உணவு, கப்பற் கூலி ஆகியவை இந்நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டன. இதன்பின் தொழிலாளி கடனின்றிக் கரையேறினான்.

முதலாளிகளின் பூசலைத் தீர்க்க எழுந்த நிதியே, குடும்பக் குடியேற்றத்திற்கு வழி திறந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் கப்பற் கூலி கொடுக்கவேண்டிய சுமை கணவன் தோளிலிருந்து இறங்கிற்று. எனினும் அந்நிதி யாருடைய பணம்? வேலைநாளுக்கு இவ்வளவென்று கணக்கிட்டு முதலாளி செலுத்தியது, அவ்வேலைநாளில் உழைத்தவன் விளைவித்த பொருளிலிருந்தே வந்தது. ‘இலவசம்’ என்று கூறப்பட்டது முன்கூட்டிக் கேட்கப்படாத விலை என்பதே பொருந்தும்.

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின் கங்காணி உரிமச் சீட்டுப் பெறுதலும், ஊர் அதிகாரியின் முன் ஆட்களை நிறுத்திக் காட்டுதலும் கட்டாயமாயின. 1926இல் ஓடத் தொடங்கிய ‘ராஜூலா’ ஏறத்தாழ ஐயாயிரம் டெக் பிரயாணிகளை ஏற்றவல்லது. பினாங்கை அடைந்தோர் ஜெரஜாக் தீவில் நோய்த்தடை முகாமிற் சில நாள் தங்கியபின்னரே வேலையிடம் செல்ல விடப்பட்டனர்.

கூலியும் குடும்பமும்

1928இல் செபராங் பிறை முதலிய வட்டங்களுக்கு அரசு உறுதிசெய்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அந்நாளைய நாணய மாற்றின்படி 50 காசு ஏறத்தாழப் பன்னிரண்டரை அணா. மாதத்தில் இருபத்தாறு நாள் வேலை கிடைப்பதாகக் கொள்ளின், தனியன் பெறுவது 13 வெள்ளி. மனைவியும் வேலை செய்யின் அவள் பெறுவது 10 வெள்ளி 40 காசு. இருவர்க்கும் 23 வெள்ளி 40 காசு. உறைவிடம் தோட்டத்தைச் சார்ந்தது. அரிசி, பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய், துணி ஆகியன வாங்கியபின் எஞ்சுவதே ஊருக்கு மணியார்டர்.

இவ்வெண்கள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. குடும்பமாக வந்தோர் நிலைத்தது கணவன் கூலியால் அன்று. மனைவியின் கூலியும் சேர்ந்ததனாலேயே ஆகும். மனைவி பேறுகாலத்தில் வேலைக்குச் செல்லாதிருந்தால், உண்பவர் தொகை ஒன்று கூடும்போதே வருவாய் பாதியளவிற் குறையும். தோட்டங்களில் ஆயாக்கொட்டகை அமைத்துக் குழந்தைகளைக் காத்ததும் தாயை வேலைக்கு அனுப்புதற் பொருட்டே.

மலாயா முழுவதற்குமான குடிமதிப்பும் இதற்குச் சான்று. 1901இல் இந்தியருள் ஆண்கள் ஆயிரவர்க்குப் பெண்கள் இருநூற்றுவரும் இல்லை. 1931இல் ஏறத்தாழ ஐந்நூற்றுவர். 1957இல் ஏறத்தாழ எழுநூற்றுவர். வந்து மீளும் கூட்டம் குடியாக மாறியமையை இவ்வெண்களே உரைக்கும்.

மூடிய வாயில்கள்

1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கிற்று. கூலி ஆணுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் இறங்கியது. பின்னர் இன்னும் தாழ்ந்தது. 23 வெள்ளி 40 காசு பெற்ற குடும்பத்திற்கு, முழு வேலை கிடைத்தாலும் 18 வெள்ளி 72 காசே கிட்டும். 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கொண்டுவந்த நிதியே திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1936இன் இறுதியில் நேரில் வந்து ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய 50 காசு, 40 காசுக் கூலியை மீட்டும் வழங்குமாறு பரிந்துரைத்தார். அது கிடைத்த சில காலத்திலேயே மறுபடியும் ஐந்து காசு குறைக்க முற்பட்டமையால், 1938 ஜூன் 15ஆம் நாள் முதல் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடைசெய்தது.

அதன்பின் தன் செலவிற் செல்வோர்க்கே வழி. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றியதும் அதுவும் அடைபட்டது. மணியார்டரும் கடிதமும் நின்றன. போர் ஓய்ந்தபின் மீண்டும் கப்பல் ஓடிற்று. ஆயின் விதிகள் இறுகின. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியோர் வருகையைச் சுருக்கிற்று. 1959ஆம் ஆண்டுத் திருத்தம் மனைவி மக்களை அழைப்பதற்கும் வரம்பு கட்டிற்று. ‘கையிற் சிறிது சேரட்டும், பிறகு அழைத்துக்கொள்வோம்’ என்று காத்திருந்த துறைமுகத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் பலராதலின், சேமிப்பு முடியுமுன் காலம் முடிந்துவிட்டது. குடியுரிமை பெறாதோர்க்கு வேலைச் சீட்டு வேண்டுமென்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, நெடுங்காலம் உழைத்தோரும் மூட்டை கட்டினர். அத்தகையோரைச் சுமந்த ‘ராஜூலா’வும் 1973இற் பணியிலிருந்து நீங்கிற்று.

மறுபுறம், 1951இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதி, தங்கியவர்க்கு முதுமைக்கொரு கைப்பொருள் அளித்தது. ஊரில் நிலம் வாங்குவதற்கெனச் சேர்த்த பணம் மெல்ல மெல்லப் பினாங்கிலேயே பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக்கும் செலவாகத் தொடங்கிற்று. அந்நாளே அக்குடும்பம் குடியேறிய நாள் எனக் கொள்ளல் தகும். கப்பலிலிருந்து இறங்கிய நாளன்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின், பினாங்குக்குச் செல்லும் செலவைக் கும்பினிக் கப்பற்காரன், முதலாளி, கங்காணி, நிதிக்குழு எனப் பலர் முன்னின்று கொடுத்தது போலத் தோன்றும். அவரெல்லாம் முன்பணம் தந்தவரே. கொடுத்துத் தீர்த்தவர் வேறு. ஊரிற் காத்திருந்து மூத்த மனைவியும், தோட்டத்திற் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டச் சென்ற தாயும், அழைக்கப்படாமலே வளர்ந்துவிட்ட மகனும் அக்கணக்கைத் தீர்த்தவர்கள். சுங்கை பினாங்கின் கரைகளில் இன்று தம் வீட்டிலிருந்து தமிழ் பேசும் குடும்பங்கள், அக்கணக்கு முற்றும் நட்டத்தில் முடியவில்லை என்பதற்குச் சான்று. வரவு வைத்தவர் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. செலவு செய்தவர் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் அக்குடும்பத்து முதியோர் கடன். அவற்றை எழுதிவைத்தல் தமிழாசிரியர் கடன்.