சேம்பரில் தோட்டா: ஒரு விசையின் இரு வரலாறுகள்

ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டது. ஒரு கையில் கடிவாளம் பற்றிய குதிரைவீரன், சேம்பரில் தோட்டா ஏறிய துப்பாக்கியை மறுகையாலேயே இடரின்றி உறையிலிட வேண்டியிருந்தது. கட்டைவிரலால் இயக்கும் பாதுகாப்பு விசை அத்தேவைக்காகச் சேர்ந்தது.

ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையின் ஃபேர்பேர்ன் அவ்விசையை நம்பவில்லை. நெருக்கடியில் அதை விடுவிக்க மறந்த காவலர் உயிரிழக்கக்கூடும் என்பதால், அதைச் செயலிழக்கச் செய்தார். அதற்கு ஈடாக, சேம்பர் காலியாகவே இருந்தது. துப்பாக்கியை எடுத்த கணமே ஸ்லைடை இழுத்துத் தோட்டா ஏற்றும் பழக்கம் இடைவிடாது பயிற்றுவிக்கப்பட்டது. சைக்ஸுடன் அவர் எழுதி 1942இல் வெளிவந்த நூலும் இதையே வலியுறுத்தியது.

முன்னது அச்சத்திலும் விரல் தவறாது என நம்பியது. பின்னது இரு கைகளும் இயங்கும் என நம்பியது. ஒரு கை காயமுற்ற காவலருக்கு, காலியான சேம்பரே ஆபத்து.