மரத்துக்கு முன்னால் வந்த மனம்: கணினித் தலைமுறைகள் பற்றி ஒரு குறிப்பு

கணினியின் வரலாற்றைப் பாடநூல்கள் அரச மரபுப் பட்டியல் போல எழுதுகின்றன. முதலில் வெற்றிடக் குழாய், அடுத்து டிரான்சிஸ்டர், பிறகு ஒருங்கிணைந்த சுற்று, அதன்பின் நுண்செயலி. ஒன்று மாண்ட பிறகே மற்றொன்று முடிசூடியது போன்ற தோற்றம். மொழியியல் பயின்றவருக்கு இதில் ஐயம் எழும். செந்தமிழும் பேச்சுத்தமிழும் ஒரே காலத்தில், ஒருவர் நாவிலேயே வாழ்கின்றன அல்லவா? இந்தியக் கணினிகளின் கதையும் அத்தகையதே.

மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாக்கிய டிஃப்ராக், 1960இல் செயற்பாட்டுக்கு வந்தது. அது 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட முதல் தலைமுறைப் பொறி. டிரான்சிஸ்டரால் இயங்கும் 1401ஐ ஐபிஎம் அதற்கு முந்தைய ஆண்டே அறிவித்திருந்தது. பின்னர் இந்தியாவுக்கு வாடகைக்கு வந்த அந்த 1401, இன்டெல் தன் முதல் நுண்செயலியை 1971இல் வெளியிட்ட பிறகும் நம் அலுவலகங்களில் உழைத்துக்கொண்டிருந்தது.

நான் ஆய்வு செய்யும் ஐதராபாத்துக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. இந்நகரப் பேருந்துகளின் பலகைகளில் ‘இ.சி.ஐ.எல்.’ என்பது இன்று ஓர் ஊர்ப்பெயர். அது 1967இல் அணுசக்தித் துறையின் கீழ் இங்கே தொடங்கப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. அதை நிறுவி வளர்த்த ஏ. எஸ். ராவ் பெயரில் அருகிலேயே ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. ட்ராம்பே அணு ஆய்வு மையத்தில் பிறந்த டிடிசி-12ஐத் தொடர்ந்து டிடிசி-312, டிடிசி-316 ஆகியவற்றை இந்நிறுவனம் உருவாக்கியது. பெயரின் இறுதி இரண்டு இலக்கங்கள், பொறி ஒரே வீச்சில் கையாளும் ‘சொல்’லின் நீளத்தைக் குறிப்பவை: 12 பிட், 16 பிட். ஆனால் அது எண்களாலான சொல். நம் எழுத்துகளுக்கான கதவு வேறு திசையிலிருந்து திறந்தது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் இன்டெல் 8088 செயலியைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். நான் நினைவுகூர விரும்புவது, தாய்ப்பலகையில் இருந்த ஐந்து விரிவாக்க ஸ்லாட்டுகளை. அவற்றின் தொழில்நுட்ப விவரங்களை நிறுவனமே வெளியிட்டதால், எவரும் தம் அட்டையைச் செய்து அதில் செருக முடிந்தது. 1984இன் புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியதும் இவ்வகைக் கணினிகள் இந்தியாவில் பெருகின. திரையில் தோன்றும் எழுத்துருக்களோ வன்பொருளிலேயே பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் தமிழ் இல்லை. கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் புனே சி-டாக்கில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டை அந்த ஸ்லாட்டில் அமர்ந்துதான் இந்திய எழுத்துகளைத் திரைக்குக் கொண்டுவந்தது.

அதே காலத்தில், இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவான ‘இஸ்கி’ என்னும் குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியே 1991இல் யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அட்டை மறைந்துவிட்டது, அதன் காலத்து முடிவு மறையவில்லை. யூனிகோடில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையே மூன்று இடங்கள் இன்றும் காலியாக உள்ளன. தேவநாகரியின் ख, ग, घ ஆகியவற்றுக்கு இணையான இடங்கள் அவை. நம் நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் ‘ன’, அங்கே ‘ந’வை அடுத்து நிற்கிறது.

என் ஆய்வுக்காக ஒரு சொல்லடைவைக் கணினியில் வரிசைப்படுத்தியபோது, ‘மரம்’ என்பதற்கு முன்னால் ‘மனம்’ வந்து நின்றது. என் நிரலில் பிழை என்றெண்ணி இரண்டு நாள் தேடினேன். நிரல் வெறும் குறியீட்டெண்களின் வரிசையைப் பின்பற்றியிருந்தது, அவ்வளவே. தமிழுக்குரிய வரிசை விதியைத் தனியாகச் சேர்த்த பின்னரே அகராதி ஒழுங்கு கிட்டியது.

யூனிகோடில் ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது விதி. எனவே, ஒரு தலைமுறை எடுக்கும் முடிவை அடுத்த தலைமுறைகள் சுமந்தே ஆகவேண்டும். இன்று மொழித் தொழில்நுட்பத்தில் புதிய முடிவுகள் எடுக்கப்பட்டுவருகின்றன. அந்த மேசையில் இலக்கணம் அறிந்தவரும் அமர்ந்திருக்க வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது நடவாது.