அமெரிக்கப் பொலிஸாரும் கொல்லும் அதிகாரமும்

அமெரிக்க நகரமொன்றில் நிராயுதபாணியான ஒருவர் பொலிஸாரின் குண்டுக்கு இரையாகும்போதெல்லாம் அந்நாட்டின் ஆளும் வட்டாரங்களிலிருந்து எழும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றேதான்: பயிற்சி போதாது. உடனே பயிற்சிக்கெனப் பணம் ஒதுக்கப்படுகிறது. புதிய பாடங்கள் சேர்க்கப்படுகின்றன. சில மாதங்களின் பின் வேறொரு நகரத்தில் வேறொரு தாய் அழுகிறாள். 2015ஆம் ஆண்டு தொடங்கி வாஷிங்டன் நாளேடொன்று திரட்டிய விபரங்களின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 1000 பேர் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு பத்திரிகை இவ்வேலையைச் செய்ய நேர்ந்தமையே கவனத்திற்குரியது. வயலில் விளைந்த சோளத்திற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கும் அரசிடம் இவ்வுயிர்களுக்கு நம்பத்தக்க கணக்கொன்று இருக்கவில்லை.

பயிற்சி குறைவென்பது பொய்யன்று. நோர்வே நாட்டிலே பொலிஸ் சேவையிற் சேர விரும்புபவர் மூன்றாண்டுகள் கல்லூரியிற் பயில்கிறார். அமெரிக்காவிலோ 2018ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி அடிப்படைப் பயிற்சி சராசரியாக ஏறத்தாழ 830 மணித்தியாலங்களே. அதில் 70க்கும் மேற்பட்ட மணித்தியாலங்கள் துப்பாக்கிக்கு உரியவை. பிணக்கைப் பேச்சினால் தணிக்கும் கலைக்குக் கிடைத்தது 20 மணித்தியாலத்திலும் குறைவு. ஆயினும் மணித்தியாலங்களை எண்ணிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடாது. எவ்வளவு கற்பிக்கப்பட்டது என்பதிலும் எது கற்பிக்கப்பட்டது, எந்தச் சட்டத்தின் நிழலிலே கற்பிக்கப்பட்டது என்பதே பெரிய கேள்வியாகும். ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தென் மாநிலங்களிற் பொலிஸ் அமைப்பின் முன்னோடிகளுள் ஒன்றாக விளங்கியவை அடிமைக் காவற் குழுக்கள். தென் கரோலினாவில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டபூர்வமாக அமைக்கப்பட்ட இக்குழுக்களின் பணி, தோட்டங்களிலிருந்து தப்பியோடும் மனிதரைப் பிடித்து உடைமையாளரிடம் ஒப்படைப்பது. ‘ஓடுபவன் குற்றவாளி’ என்ற எண்ணம் அங்கே எத்துணை இயல்பாக வேரூன்றியிருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். வடக்கிலே தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் அதே அதிகாரம் தொழிலாளர் பக்கம் திரும்பியது. 1937ஆம் ஆண்டு மே மாதத்திலே சிக்காகோ நகரின் உருக்காலையொன்றின் முன் வேலைநிறுத்தக்காரர் மீது பொலிஸார் சுட்டதிற் பத்துப்பேர் மாண்டனர். செனற் சபையின் விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, பத்துப்பேரில் ஒருவரேனும் முன்புறத்திற் சுடப்படவில்லை என்பது வெளியாயிற்று. முதுகிலும் விலாவிலுமே குண்டுகள் பாய்ந்திருந்தன.

இதற்கிடையில் பொலிஸ் தொழிலை ‘விஞ்ஞானமயமாக்கும்’ முயற்சியும் நடந்தது. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் ஓகஸ்ற் வோல்மர் என்பவர் 1908ஆம் ஆண்டு பொலிஸ் பள்ளியொன்றைத் தொடங்கினார். சித்திரவதையை வெறுத்தவர், கல்வியை மதித்தவர், அவருடைய நன்னோக்கை ஐயுற வேண்டியதில்லை. எனினும் பிலிப்பைன்ஸ் நாட்டைக் கைப்பற்றச் சென்ற படையிற் பணியாற்றித் திரும்பியவர் அவர். அக்காலந்தொட்டுக் கற்ற படைத் தந்திரங்களையே குற்றவாளிகளைப் பிடிக்கப் பயன்படுத்தியதாக அவரே கூறியுமுள்ளார். குடியேற்ற நாட்டுப் போரின் பாடம் சொந்த நகரத்துத் தெருவுக்கு வந்து சேர்ந்த கதை இது.

சட்டம் என்ன சொல்லிற்று? தப்பியோடும் பெருங்குற்றவாளியைக் கொன்றேனும் நிறுத்தலாம் என்பது பழைய ஆங்கிலப் பொதுச் சட்ட விதி. பெருங்குற்றங்களுக்கெல்லாம் தூக்குத் தண்டனையே விதிக்கப்பட்ட காலத்தில் அதற்கு ஒருவகைத் தர்க்கம் இருந்தது. காலப்போக்கிற் களவுக்குத் தூக்கு என்ற நிலை ஒழிந்தது. களவாடி ஓடுபவனைச் சுடலாம் என்ற விதி மட்டும் ஒழியவில்லை. நீதிமன்றம் விதிக்கமுடியாத தண்டனையைப் பொலிஸ்காரன் வேலியோரத்தில் விதிக்கலாம் என்றாயிற்று!

அவ்வேலி மெம்பிஸ் நகரில் இருந்தது. 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி இரவு, வீடொன்றிற் புகுந்து வெளியேறிய 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் வேலியேறித் தப்ப முயன்றான். அவனிடம் ஆயுதமில்லை என்று பெரும்பாலும் நம்பிய அதிகாரி, அவன் தப்பிவிடுவான் என்பதற்காகவே சுட்டார். குண்டு தலையின் பின்புறத்திற் பாய்ந்தது. சிறுவன் களவாடியவை 10 டொலரும் ஒரு கைப்பையும். இங்கே பயிற்சி தவறவில்லை என்பதே வேதனைக்குரிய உண்மை. டெனசி மாநிலச் சட்டம் அனுமதித்ததையும், அவருடைய திணைக்களத்தின் கொள்கை ஏற்றுக் கொண்டதையுமே அதிகாரி செய்தார். தந்தை தொடுத்த வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் இழுபட்டு, 1985ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆபத்து விளைவிக்காத ஒருவர் தப்பியோடுகிறார் என்பதற்காக மட்டும் அவரைக் கொல்வது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அதிலும் மூன்று நீதியரசர்கள் உடன்படவில்லை.

உயர் நீதிமன்றம் பேசுமுன்பே நியூயோர்க் நகரம் ஒரு வழியைக் காட்டியிருந்தது. அங்கு 1971ஆம் ஆண்டிற் பொலிஸார் 93 பேரைச் சுட்டுக் கொன்றனர். அடுத்த ஆண்டு சுடுதலைக் கட்டுப்படுத்தும் கடுமையான விதிகள் வந்தன. ஒவ்வொரு வேட்டுக்கும் ஆய்வுக் குழுவொன்றின் முன் விளக்கம் கூறவேண்டியதாயிற்று. வேட்டுகள் விரைவிற் குறைந்தன. முன்னர் அதே பொலிஸ் சேவையில் இருந்து பின் ஆய்வாளரான ஜேம்ஸ் பைவ் இதனை ஆராய்ந்தபோது, விதிகளால் அதிகாரிகளுக்கான ஆபத்துப் பெருகவில்லை என்றும் கண்டார். 2010ஆம் ஆண்டில் அந்நகரிற் பொலிஸாரின் குண்டுக்கு இறந்தோர் 8 பேர். இதற்குக் குற்றங்கள் குறைந்தமையும் ஒரு காரணமே. எனினும் விதி வந்த கையோடு தொடங்கிய வீழ்ச்சியை அதனால் மட்டும் விளக்க முடியாது.

இப்பாடம் நாடெங்கும் பரவவில்லை. 1989ஆம் ஆண்டின் கிரஹாம் வழக்கில், நீரிழிவு நோயினால் மயங்கும் நிலையிலிருந்த ஒருவரைச் சந்தேகத்தின் பேரிற் பொலிஸார் தாக்கிக் காயப்படுத்தியமை பற்றி உயர் நீதிமன்றம் ஆராய்ந்தது. சம்பவ இடத்தில் நிற்கும் நியாயமான அதிகாரியொருவரின் கண்கொண்டே பலாத்காரத்தை அளவிட வேண்டும். கணப்பொழுதில் முடிவெடுக்க நேர்வதை மறக்கலாகாது என்றது தீர்ப்பு. கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்த ‘நியாயமான அதிகாரி’ எதைக் கண்டு அஞ்சுவார் என்பதைத் தீர்மானிப்பது அவர் பெற்ற பயிற்சியன்றோ? 1983ஆம் ஆண்டிற் சோல்ற் லேக் நகரத்துப் பயிற்சியாளர் ஒருவர், கத்தியேந்தியவன் 21 அடி தூரத்தை ஒன்றரை வினாடியிற் கடந்துவிடலாம் என ஒரு சஞ்சிகையில் எழுதினார். எச்சரிக்கையாக எழுதப்பட்ட அக்கணிப்புப் பயிற்சிச்சாலைகளில் ‘21 அடி விதி’யாக மாறிற்று. விலகி நிற்கவும், மறைவிடம் தேடவும், காத்திருக்கவும் கற்பிக்க வேண்டிய இடத்தில் அச்சமே பாடமாயிற்று. அவ்வச்சமே பின்னர் நீதிமன்றத்தில் நியாயமுமாயிற்று.

மினியாபொலிஸ் நகர முதல்வர் 2019ஆம் ஆண்டில் ‘போர்வீரர் பாணிப்’ பயிற்சியைத் தடைசெய்தபோது, பொலிஸாரின் தொழிற்சங்கம் அதனைத் தன் அங்கத்தவர்க்கு இலவசமாக வழங்க முன்வந்தது. தொழிற்சங்கம் என்ற சொல்லுக்கு இதைவிட இழுக்கு வேண்டுமா? ஓராண்டு கழித்து, 2020 மே 25ஆந் திகதி, அதே நகரில் ஜோர்ஜ் புளொயிட்டின் கழுத்தின் மீது ஒன்பது நிமிடங்களுக்கு மேலாக ஓர் அதிகாரியின் முழங்கால் அழுந்தியது. இத்தகைய செயலைத் திணைக்களம் கற்பிக்கவில்லை என அதன் தலைவர் நீதிமன்றத்திற் சாட்சியமளித்தார். அதிகாரி கொலைக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். ஆனால் அவர் வெறும் அதிகாரியல்லர். தெருவிலே புதியவர்களுக்குப் பணி பழக்கும் பயிற்சியாளர். புளொயிட்டைப் பிடித்துக்கொண்டிருந்தோருள் அவரிடம் பயின்ற புதியவர் ஒருவரும் இருந்தார். அன்றைய வகுப்பு அதுவே.

2025 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் ஏகமனதாக ஓரடி முன்னே வைத்தது. ஹூஸ்ரன் அருகே, வீதிக் கட்டணம் செலுத்தப்படாத வாகனத்தை மறித்த அதிகாரி, அது நகரத் தொடங்கியதும் அதன் கதவோரத்தில் ஏறி நின்று சாரதியைச் சுட்டுக் கொன்ற 2016ஆம் ஆண்டுச் சம்பவம் பற்றிய வழக்கு அது. சுட்ட கணத்தை மட்டுமன்றி அதற்கு முன் நிகழ்ந்த அனைத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்றது தீர்ப்பு. அதிகாரி தாமாகவே தேடிக்கொண்ட ஆபத்து அவருக்கு எதிராகக் கணிக்கப்படுமா என்ற கேள்விக்கு மட்டும் நீதிமன்றம் அன்று விடை கூறவில்லை.