மருந்தும் மனையும்: குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை வரலாற்றில் குடும்பத்தின் இடம்

முன்னுரை

குழந்தைகளைப் பீடிக்கும் இரத்தப் புற்றுநோயின் சிகிச்சை வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எந்த மருந்து எந்த ஆண்டில் கண்டறியப்பட்டது, எத்தனை விழுக்காட்டினர் பிழைத்தனர் என்பனவே அதில் முதன்மை பெறுகின்றன. அம்மருந்தை நாள் தவறாது ஊட்டிய பெற்றோர் அவ்வரலாற்றில் மிக அரிதாகவே இடம்பெறுகின்றனர். சிகிச்சையின் காலம் நீண்டபோது அதன் பொறுப்பில் பெரும்பங்கு மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்குப் பெயர்ந்தது. அப்பொறுப்பைத் தாங்கும் துணை குடும்பத்திற்குக் கிட்டாதபோது அதே மருந்தின் பயனும் குன்றியது. இவ்விரு செய்திகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தற்காலிகத் தணிவும் பெற்றோரின் துயரும்

1940களின் நடுப்பகுதி வரை, கடுமையான இரத்தப் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறப்பது ஏறத்தாழ உறுதி. பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டு இந்நிலையை முதன்முதலில் அசைத்தார். லெடர்லி ஆய்வகத்தில் அம்மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1948 ஜூன் மாதம் ஃபார்பர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தென்பட்டது. ஆயினும் அது தற்காலிகமானது என்பதைக் கட்டுரையின் தலைப்பே உணர்த்தியது.

படுக்கையில் கிடந்த குழந்தை எழுந்து உண்டு விளையாடுவதைக் கண்ட பெற்றோர், நோய் மீளும் என்பதையும் அறிந்திருந்தனர். நம்பிக்கையும் துயரும் ஒரே நாளில் ஒரே வீட்டில் குடியிருந்த நிலை அது. குழந்தையின் மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் பெற்றோரின் நடத்தை குறித்து ஸ்டான்ஃபோர்ட் ஃப்ரீட்மனும் பிறரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு இந்நிலையைப் பதிவு செய்தது. அதன் கருப்பொருளே காலத்தின் சான்றாகும். பெற்றோர் அன்று இறப்பிற்குத் தயாராக வேண்டியவர்களாகவே கருதப்பட்டனர். சிகிச்சையின் பங்காளிகளாக இன்னும் எண்ணப்படவில்லை.

மறைத்தலும் அறிதலும்

நோயின் பெயரைக் குழந்தையிடம் கூறலாகாது என்பதே அக்காலத்தில் பரவலாக நிலவிய மருத்துவ மரபு. குழந்தையைக் காக்கும் நோக்கில் பெற்றோரும் அதனைப் பின்பற்றினர். மானிடவியலாளர் மைரா புளூபாண்ட் லாங்னர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடையே களப்பணி செய்து 1978இல் வெளியிட்ட நூல் இம்மரபைக் கேள்விக்குள்ளாக்கியது. எவரும் கூறாதபோதும் தம் நிலையைக் குழந்தைகள் அறிந்திருந்தனர். மருந்துகளின் பெயர்களிலிருந்தும், பெரியோரின் முகக்குறிப்பிலிருந்தும், உடனிருந்த குழந்தையின் இறப்பிலிருந்தும் அவர்கள் அதனைக் கற்றனர். தாம் அறிந்ததை வெளிக்காட்டினால் பெற்றோர் வருந்துவர் என்பதால் அவர்களும் அறியாதவர் போல் நடந்துகொண்டனர். காப்பாளராகப் பெற்றோர் மட்டும் இருக்கவில்லை. குழந்தையும் தன் பெற்றோரைக் காத்தது.

மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்கு

மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் தலைமையிலான குழு, நோயைக் கட்டுப்படுத்துவதற்கு அப்பால் முற்றாகக் குணப்படுத்துவதையே இலக்காகக் கொண்டது. பல மருந்துகளை இணைத்து அளித்தல், மூளையிலும் தண்டுவடத்திலும் நோய் ஒளிந்திராமல் தடுத்தல், நீண்டகாலப் பராமரிப்புச் சிகிச்சை ஆகியன அதன் கூறுகள். 1967இல் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நோய் மீளாது வாழ்ந்தனர்.

இவ்வெற்றி சிகிச்சைக் காலத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டியது. மெர்காப்டோப்யூரின் நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் வாரந்தோறும் என இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடரும் பராமரிப்புச் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெறுவது. மாத்திரையை மறவாது கொடுத்தல், காய்ச்சல் கண்டவுடன் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைதல், தொற்று அணுகாமல் காத்தல் ஆகியன பெற்றோரின் அன்றாடக் கடமைகளாயின. நோயுற்ற குழந்தையைச் சுற்றியே வீடு இயங்கியதால் உடன்பிறந்த குழந்தைகள் கவனிப்பின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டனர். இச்சுமையைப் பகிரும் பொருட்டு 1970இல் வாஷிங்டனில் பெற்றோரே ஒன்றுகூடிக் கேண்டில்லைட்டர்ஸ் அமைப்பைத் தொடங்கினர். 1974இல் பிலடெல்பியாவில் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம், தொலைவிலிருந்து வரும் குடும்பங்கள் மருத்துவமனையருகே தங்குவதற்காகத் திறக்கப்பட்டது.

இல்லத்தில் நிகழும் உழைப்பு எத்தகைய மருத்துவ மதிப்புடையது என்பதைப் பின்னாளைய ஆய்வு அளந்து காட்டியது. ஸ்மிதா பாட்டியாவும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மெர்காப்டோப்யூரின் உட்கொள்ளும் ஒழுங்கு 95 விழுக்காட்டிற்குக் குறைந்தபோது நோய் மீளும் வாய்ப்பு உயர்வது கண்டறியப்பட்டது.

இந்தியச் சூழலும் இடைநிற்றலும்

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் 1980களில் எம்.சி.பி. 841 என்னும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. நோய் மீளாது வாழ்வோர் விகிதம் 20 விழுக்காட்டிற்கும் கீழிருந்து 45 முதல் 60 விழுக்காடு வரை உயர்ந்ததாக, இயன் மக்ராத், வி. சாந்தா உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை தெரிவிக்கிறது.

எனினும் மருந்தால் மட்டும் தீர்க்கவியலாத ஒரு சிக்கல் எஞ்சியது. அது சிகிச்சையை இடையில் கைவிடுதல். தொடர்ந்து நான்கு வாரங்கள் அல்லது அதற்கு மேல் சிகிச்சை பெறாதிருத்தலைக் குழந்தைப் புற்றுநோயியல் பன்னாட்டுச் சங்கத்தின் பணிக்குழு 'கைவிடுதல்' என வரையறுத்தது. இச்சொல் பழியைக் குடும்பத்தின்மீது சுமத்துவதுபோல் ஒலிப்பது கருதத்தக்கது. நாட்கூலியில் வாழும் தந்தைக்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஊதியமற்ற நாள். முடி மீண்டும் வளர்ந்து, குழந்தை ஓடியாடத் தொடங்கியபின் மருந்து எதற்கு என்னும் ஐயம் உற்றார் உறவினரிடையே எழுவதும் இயல்பு. தமிழகத்தில் 2009 முதல் நடைமுறைக்கு வந்த அரசு மருத்துவக் காப்பீடு சிகிச்சைக் கட்டணத்தின் சுமையைக் குறைத்தது. பயணம், தங்குமிடம், இழந்த கூலி ஆகியன கட்டணத்திற்குப் புறம்பான சுமைகள்.

முடிவுரை

இறப்பை எதிர்நோக்கியிருந்த குடும்பம், கால் நூற்றாண்டிற்குள் சிகிச்சையை நடத்திச் செல்லும் குடும்பமாக மாறியது. இம்மாற்றம் திட்டமிட்டு நிகழ்ந்ததன்று. சிகிச்சை நீண்டதன் விளைவு. ஆகவே, பிழைத்தோர் விழுக்காட்டை மருந்தின் ஆற்றலுக்கு மட்டும் உரிய அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது. குடும்பத்தின் உழைப்பும் அதற்குச் சமூகம் அளித்த அல்லது அளிக்கத் தவறிய துணையும் அவ்வெண்ணில் அடங்கியுள்ளன. சிகிச்சையைக் கைவிட்டவர் யார் என்னும் வினாவைக் குடும்பத்திடம் மட்டுமன்றிச் சமூகத்திடமும் மருத்துவ வரலாறு எழுப்புதல் வேண்டும்.