பல் மருத்துவர் ஒழுங்கு விதிகள்

பதிவு பெற்றுத் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள், பல் சுகாதாரப் பணியாளர்கள், செயற்கைப் பல் செய்யும் டெக்னீஷியன்கள் ஆகியோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், தவறினால் அவர்களை யார் விசாரிப்பது, எப்போது பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம் என்பவற்றை வரையறுக்கும் சட்டங்களும் நெறிமுறைகளும் சேர்ந்தவையே பல் மருத்துவர் ஒழுங்கு விதிகள். குற்றவியல் நீதிமன்றம் தரும் தண்டனையும் நுகர்வோர் ஆணையம் வாங்கித் தரும் இழப்பீடும் நடந்து முடிந்ததற்குக் கணக்குத் தீர்ப்பவை. ஒழுங்கு விசாரணையின் கேள்வி நாளையைப் பற்றியது: இவரை இன்னொரு நோயாளியின் வாயில் கருவி வைக்க அனுமதிக்கலாமா? பதிவேடு என்ற ஏற்பாடே இந்தக் கேள்விக்காகத்தான் பிறந்தது என்று இன்று எண்ணிக்கொள்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இவ்விதிகள் முதலில் காத்தவை தொழிலின் மதிப்பும் பதிவு பெற்றவரின் பிழைப்பும்தான். நோயாளி மெல்லத்தான் உள்ளே வந்தார். இந்தியாவில் அவர் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இந்திய விதிகளின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் மருத்துவர்களுக்குப் பதிவேடு தந்தபோது பல் மருத்துவம் தனித் தொழிலாக அதில் இடம்பெறவில்லை. மருந்துக்கடைக்காரர்கள்கூடப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜான் டோம்ஸ் முதலியோரின் முயற்சியால் 1878இல் முதல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பதிவேட்டில் முதல் பெயரும் டோம்ஸுடையதே. ஆனால் அச்சட்டம் பட்டப்பெயருக்கு மட்டுமே வேலி போட்டது. பதிவு இல்லாதவர் தம்மைப் பல் மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பல் பிடுங்குவதையோ செட் பல் கட்டுவதையோ சட்டம் தடுக்கவில்லை. குற்றத் தண்டனை பெற்றவர்களையும், 'தொழில் சார்ந்த இழிநடத்தை' கொண்டவர்களையும் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் பொது மருத்துவக் கவுன்சிலிடம் தரப்பட்டது. நீக்கப்பட்டவர் பட்டத்தை இழந்தார், தொழிலை இழக்கவில்லை. மறுநாளே அதே தெருவில் அதே நாற்காலியில் நோயாளியை உட்கார வைக்க அவருக்குத் தடை ஏதும் கிடையாது. நோயாளியைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பதிவு பெற்றவர் மட்டுமே பல் மருத்துவம் செய்யலாம் என்ற நிலை அங்கே 1921இல்தான் ஏற்பட்டது; பல் மருத்துவர்களுக்கென்று தனிக் கவுன்சில் 1956இல்.

எது இழிநடத்தை என்பதற்கு அளவுகோல் தந்தது 1894ஆம் ஆண்டு ஆலின்சன் வழக்கு. ஆலின்சன் பல் மருத்துவரல்லர், மருத்துவர். மற்ற மருத்துவர்களிடமும் அவர்களின் மருந்துகளிடமும் போகாதீர்கள், என்னிடம் வாருங்கள் என்று விளம்பரம் செய்தது அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு. நற்பெயரும் திறமையும் உள்ள சக மருத்துவர்கள் எதை இழிவானது, மானக்கேடானது என்று நியாயமாகக் கருதுவார்களோ அதுவே இழிநடத்தை என்று நீதிமன்றம் வகுத்தது. அளவுகோலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். கேடு நேர்ந்ததா என்று அந்த அளவுகோல் நோயாளியிடம் கேட்கவில்லை. முகம் சுளித்தீர்களா என்று சகாக்களிடம் கேட்டது. பல் மருத்துவர்களுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தியது.

இந்த அளவுகோல் எங்கே உடைந்தது என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. 1960இல் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் முன் வந்த பெலிக்ஸ் வழக்கில், அரசுச் சுகாதாரச் சேவையிடம் தவறான கட்டணக் கோரிக்கைகள் கொடுத்ததாக ஒரு பல் மருத்துவர் மேல் புகார். கவனக்குறைவு எவ்வளவு இருந்தாலும் போதாது; ஒழுக்கக்கேடு, மோசடி, நேர்மையின்மை ஆகியவற்றின் கூறு பொதுவாக இருக்க வேண்டும், அல்லது நேர்மையின்மைக்கு நிகராகும் அளவுக்குப் பதிவுகளைத் தொடர்ந்து புறக்கணித்திருக்க வேண்டும் என்று சொல்லி அவருடைய மேல்முறையீட்டைப் பிரிவி கவுன்சில் ஏற்றது. நேர்மையாக இருந்துகொண்டே மோசமாகச் சிகிச்சை செய்பவரை இந்த அளவுகோல் தொடாது. பின்னர் சட்டத்தின் சொற்கள் 'கடுமையான தொழில் தவறு' என்று மாறின. அச்சொற்களுக்குப் பொருள் தந்தது 1987இல் தீர்ப்பான டௌட்டி வழக்கு. குற்றச்சாட்டுகள் மிகச் சாதாரணமானவை: எக்ஸ்ரே படங்களைப் பாதுகாத்து வைக்கவில்லை, சிகிச்சையில் உரிய திறமையும் கவனமும் காட்டவில்லை, தொடங்கிய சிகிச்சையைத் திருப்தியாக முடிக்கவில்லை. பணமோசடி இல்லை, ஒழுக்கக்கேடு இல்லை. இருந்தும், பல் மருத்துவர்களிடம் எதிர்பார்க்கப்படும் தரத்திலிருந்து செயலாலோ செய்யத் தவறியதாலோ கடுமையாக வழுவினால் அதுவே போதும் என்றது பிரிவி கவுன்சில். 1878க்கும் இதற்கும் இடையே நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நாற்காலியில் படுத்திருப்பவருக்கு என்ன நடந்தது என்பது ஒழுங்கு விசாரணையின் மையத்துக்கு அன்றுதான் வந்தது என்பேன்.

அமெரிக்க வரலாறு இதே கதையைச் சந்தை வழியாகச் சொல்கிறது. வலியில்லாமல் பல் பிடுங்குவதாக ஊர் ஊராக விளம்பரம் செய்த எட்கர் பார்க்கர், அப்படி விளம்பரப்படுத்தக் கூடாது என்ற கெடுபிடி வந்ததும் 1915இல் தம் பெயரையே சட்டப்படி 'பெயின்லெஸ் பார்க்கர்' என்று மாற்றிக்கொண்டார். அவரைக் கட்டுப்படுத்த முயன்றதில் நியாயம் இருந்தது. தொழிலைக் கட்டுப்படுத்தும் மாநில வாரியங்களின் அதிகாரம் நூறாண்டு கழித்து எங்கே போய் நின்றது என்பதை 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பார்த்தது. வட கரோலினா மாநிலப் பல் மருத்துவத் தேர்வு வாரியத்தில் எட்டுப் பேரில் ஆறு பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். பல் மருத்துவரல்லாதோர் கடைகளில் குறைந்த விலைக்குப் பல்லை வெண்மையாக்கித் தரத் தொடங்கியதும், உடனே நிறுத்துங்கள் என்று வாரியம் கடிதங்களை அனுப்பியது. தொழில் செய்பவர்களே பெரும்பான்மையாக இருந்து, அரசின் நேரடி மேற்பார்வையும் இல்லாத வாரியம் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் நவீனப் பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அவர் 1920இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அவர் முயற்சியால் 1939இல் வங்காளப் பல் மருத்துவர் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் நாடு முழுவதற்குமான பல் மருத்துவர் சட்டமும், 1949 ஏப்ரலில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலும் வந்தன. பதிவேட்டை இச்சட்டம் இரண்டாகப் பிரித்தது: பட்டம் பெற்றவர்கள் 'ஏ' பகுதி, பட்டம் இல்லாமல், ஆனால் குறித்த நாளுக்கு முன் ஐந்தாண்டுகளாவது பல் மருத்துவத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள் 'பி' பகுதி. பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த நாட்டில் இது தவிர்க்க முடியாத சமரசம். மாநிலக் கவுன்சிலில் 'ஏ' பகுதியினர் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், 'பி' பகுதியினரும் நான்கு பேரை. இவர்களோடு பல் மருத்துவக் கல்லூரித் தலைவர்கள், மாநில மருத்துவக் கவுன்சிலிலிருந்து ஒருவர், அரசு நியமிக்கும் மூவர், மாநிலத் தலைமை மருத்துவ அதிகாரி. தொழிலின் ஒவ்வொரு கிளைக்கும் நாற்காலி போட்ட சட்டம், பல்வலியோடு வருபவருக்கு ஒன்றுகூட ஒதுக்கவில்லை.

1948 சட்டம் மாநிலக் கவுன்சிலின் கையில் தந்த ஆயுதம் 41ஆம் பிரிவு. பொய்த் தகவல் தந்து பதிவு பெற்றவர், குற்றத் தண்டனை பெற்றவர், தொழில் சார்ந்த இழிநடத்தை கொண்டவர் ஆகியோரின் தரப்பைக் கேட்டபின் பெயரை நிரந்தரமாகவோ சில ஆண்டுகளுக்கோ நீக்கலாம் என்றது அது. பிரிட்டன் பின்னர் கைவிட்ட பழைய அளவுகோல் இங்கே அப்படியே வந்து சேர்ந்தது. 1972இல் செய்த திருத்தம் நன்னெறி விதிகள் வகுக்கும் அதிகாரத்தை இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலுக்குத் தந்தது. 1976இல் அவ்விதிகள் வெளிவந்தன. அவற்றைப் படிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது பெயர்ப்பலகைதான். பலகை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. 'பற்கள்', 'வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்' போன்ற சொற்கள் கூடாது. மின்னி மின்னி எரியும் விளக்குப் பலகையும் காட்சிப் பெட்டியும் கூடாது. மருந்துக்கடையில் போய்ப் பலகை மாட்டக் கூடாது. தனியார் கிளினிக்கைப் 'பல் மருத்துவமனை' என்று அழைக்கக் கூடாது. கமிஷன் கொடுப்பது, வாங்குவது, ஆள் பிடிக்கத் தரகர் வைப்பது, பதிவில்லாதவரைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்வது, பொய்ச் சான்றிதழில் கையெழுத்திடுவது ஆகியவையும் தடுக்கப்பட்டன. இந்தத் தடைகளின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் விளக்குப் பலகைக்கு இவ்வளவு நுணுக்கம் காட்டிய கை, கருவிகளைக் கொதிக்க வைப்பதைப் பற்றி அதே நுணுக்கத்தோடு எழுதவில்லை.

விளம்பரத் தடையும் நோயாளியைக் காக்கத்தானே என்று கேட்கலாம். வலியே இருக்காது என்று நம்பிப் போய் ஏமாறுபவர் நோயாளிதான்; ஆகவே பொய் விளம்பரத்தைத் தடுப்பது முற்றிலும் சரி. பலகையின் அளவைத் தடுப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது. பெரிய எழுத்தில் உண்மையான பெயரையும் பட்டத்தையும் படிப்பவருக்கு என்ன கேடு வந்துவிடும்? அங்கே காக்கப்படுவது பக்கத்துக் கிளினிக்கின் வாடிக்கையும் தொழிலின் தோரணையும். இன்னொரு மறுப்பு வலுவானது: வேர் சிகிச்சை சரியாக நடந்ததா என்பதைப் படிக்காதவர் எப்படித் தீர்ப்பார்? தீர்க்க முடியாதுதான். அதற்காகத்தான் நிபுணர் சாட்சி இருக்கிறது. எந்தத் தவறு பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்பது நிபுணத்துவக் கேள்வி மட்டுமன்று; அந்தத் தவறைத் தாங்கப்போகிறவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. பிரிட்டனின் பல் மருத்துவக் கவுன்சிலில் இன்று பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களில் ஆறு பேர் தொழிலுக்கு வெளியே உள்ளவர்கள். அதனால் அங்கே பல் மருத்துவத்தின் தரம் தாழ்ந்துவிடவில்லை.

நுகர்வோர் சட்டம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. 1995ஆம் ஆண்டு சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்த வழியைத்தான் நாடுகிறார்கள். அங்கே கிடைப்பது பணம். பணம் கட்டிய பல் மருத்துவர் மறுநாள் காலை கிளினிக்கைத் திறந்துகொள்ளலாம். தொழில் செய்யும் உரிமையைத் தொடக்கூடியது கவுன்சில் ஒன்றுதான். அது தூங்கினால் அந்த இடத்தை வேறு எவரும் நிரப்ப முடியாது.

புகார் வந்தால் மட்டும் கண் திறக்கும் அமைப்பு எதைக் காணத் தவறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே வட மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் கண்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். 21 பேரில் பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அவர்களில் எட்டுப் பேர் உயிர் பிழைக்கவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வாளர்களும் தேடியபோது காரணம் ஒரு சலைன் பாட்டிலில் கிடைத்தது. ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவியால் பாட்டிலைத் திறந்து, வாயைப் பஞ்சால் தளர்வாக அடைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காய்ச்சலோடும் தலைவலியோடும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளிக்கு, சில நாள் முன்பு பல் பிடுங்கியதைப் புகாராக எழுதத் தோன்றுமா? பெலிக்ஸ் வழக்கின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதில் மோசடி இல்லை, இழிநோக்கம் இல்லை. எட்டு உயிர்கள் போயின. ஆண்டுக்கு ஒரு முறை யாராவது கிளினிக்குக்குள் போய் அலமாரியைத் திறந்து பார்த்திருந்தால் அந்தப் பாட்டில் கண்ணில் பட்டிருக்கும். கடுமை கூடினால் மருத்துவர்கள் அஞ்சிச் சிக்கலான நோயாளிகளைத் தட்டிக் கழிப்பார்கள் என்ற கவலை தண்டனைக்குப் பொருந்தலாம், ஆய்வுக்குப் பொருந்தாது.

2014இல் திருத்தி வெளியிட்ட நன்னெறி விதிகள் ஓரளவு முன்னேற்றம். சிகிச்சைப் பதிவுகளை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பவை அதில் உண்டு. 1948 சட்டத்தின் இடத்தில் வைப்பதற்காக 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒழுக்கத்தையும் பதிவையும் கவனிக்கத் தனி வாரியம் ஒன்றை அது ஏற்படுத்துகிறது. முதல் விசாரணை மாநிலக் கவுன்சிலில், மேல்முறையீடு அவ்வாரியத்தில், அதன்பின் ஆணையத்தில். ஆனால் படிகளைக் கூட்டினால் மட்டும் நோயாளிக்குக் காப்பு வந்துவிடாது. மாநிலக் கவுன்சில்களில் தொழிலுக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பாதி இடம், புகாருக்குக் காத்திராத கிளினிக் ஆய்வு, பிரிட்டனில் நடப்பதுபோல் விசாரணை முடிவுகளைக் காரணங்களோடு பொதுமக்கள் படிக்க வெளியிடுவது ஆகிய மூன்றையும் விதிகளில் எழுத வேண்டும். அதுவரை, சிகிச்சையில் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டு வழக்கோடு நின்றுவிடாமல், தங்கள் சிகிச்சைப் பதிவுகளை எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் அனுப்புங்கள்.