தாத்தாவின் மடக்குக் கத்தியைத் தேய்த்துவிடாதீர்கள்



பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர், தாத்தாவின் தகரப்பெட்டியில் இருந்த மடக்குக் கத்தியைப் படம் எடுத்து அனுப்பி, "சார், இதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுரலாமா?" என்று கேட்டிருந்தார். உடனே போன் செய்து, "போடாதப்பா" என்றேன்.

மடக்குக் கத்தி வெள்ளைக்காரன் மட்டும் தந்த பொருள் அல்ல. நம் ஓலைச்சுவடிக் காலத்திலேயே மடக்கெழுத்தாணி உண்டு. ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலை வாரும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிவிடலாம். சுவடி தேடித் திருநெல்வேலிக்கும் வந்த உ.வே.சா., 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது இதையும் சொல்கிறார். ஐரோப்பாவில் இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் நாம் சொல்லும் பேனாக்கத்தி. ஆக, இரண்டுமே எழுத்து வேலைக்காகப் பிறந்தவை.

மாணவரின் கத்தியில் அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் சிலுவையும் இருந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை அது. 1682-இல் பதிவான குறி. கிரீடத்தின் இருபுறமும் 'வி', 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துகள். விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. 'இ', 'ஆர்' என்றிருந்தால் ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-இல். அதனால் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்த கத்தி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ராட்ஜர்ஸ் பெயரில் போலிகளும் நிறைய வந்தன. முத்திரையோடு பிடி, வில், அலகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இதையெல்லாம் ஒரு தப்புச் செய்த பிறகுதான் கற்றேன். ஆசிரியர் பயிற்சி முடித்த வருஷம், அப்பாவின் கத்தியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். துருவோடு முத்திரையும் போயிற்று. அது எந்த ஊர்க் கத்தி, எந்தக் காலத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கேட்கலாம் என்றால் அப்பாவும் இல்லை.

ஆகவே, மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், போதும். பிடி தந்தமாகவோ மான் கொம்பாகவோ இருந்தால் விற்க நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அது யாருடைய கத்தி, எதற்கு வைத்திருந்தார் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அந்த விவரம் எந்த முத்திரையிலும் இருக்காது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்